42,000 ரூபாய் கொடுத்துப் பச்சை டிக் வாங்கிய கதை

பதிவு கொஞ்சம் நீளம். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை, கோபத்தில் எழுதுகிறேன். அங்கங்கே முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே வேலையை வெளியாளிடம் கொடுக்க நினைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வொர்க்ஃப்ளோ ஃபைல்களை (நிரலை டெஸ்ட் செய்வது, பில்ட் செய்வது, சர்வரில் ஏற்றுவது போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் கட்டளைகள்) ஒழுங்குபடுத்திப் பாதுகாப்பாக்கித் தருகிறேன் என்ற ஒருவருக்கு 42,000 ரூபாய் கொடுத்தேன். ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு தளம் வழியாகத்தான். தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கு இன்னொரு 42,000 என்னிடம் இல்லை.

நாங்கள் கோவையில் நாலு பேர் இருக்கும் சின்னக் கம்பெனி. நூல் மில்களுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். அதில் ரிப்போர்ட் அச்சடிக்கும் பகுதியை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி ஓப்பன் சோர்ஸாக விட்டிருக்கிறோம். அந்த ரிப்போவில் (கிட்ஹப்பில் நிரலை வைக்கும் இடம்) வொர்க்ஃப்ளோ ஃபோல்டரைத் திறந்தால் 14 யாமல் ஃபைல்கள், அந்தக் கட்டளைகளை எழுதும் வடிவம் அது. ஆறு வருடத்தில் வேலையை விட்டுப் போன ஒவ்வொருவரும் ஒன்று வைத்துவிட்டுப் போனது. டிப்ளாய்-நியூ, டிப்ளாய்-நியூ-2, டிப்ளாய்-ஃபைனல், அப்புறம் டிப்ளாய்-ஃபைனல்-இதுதான். ஓடுகிற வரை யாரும் கை வைப்பதில்லை. பாதி சிவப்பாகவே, அதாவது தோற்றே, கிடக்கும், அதுவும் பழகிப்போயிருந்தது.

போன மாதம் ஒரு மில்லின் ஆடிட்டர் கேள்வித்தாள் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி: பில்ட் செய்யும் முறையைப் பாதுகாப்பு நோக்கில் யாராவது சரிபார்த்திருக்கிறார்களா? இல்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் விலைதான் 42,000.

தளத்தில் தேடியதும் 4.9 நட்சத்திரத்தோடு அவர் முதலில் வந்தார். பேசினால் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர். ஈரோட்டுப் பக்கம் என்றார். முதல் அழைப்பிலேயே திரையைப் பகிர்ந்து, 2025 மார்ச்சில் நடந்த அந்த டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ் சம்பவத்தை விளக்க ஆரம்பித்தார். தெரியாதவர்களுக்கு: எந்தெந்த ஃபைல்கள் மாறின என்று கண்டுபிடித்துச் சொல்லும் சின்னக் கருவி அது. 23,000-க்கும் மேற்பட்ட ரிப்போக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. தாக்கியவர்கள் அதன் பழைய வெர்ஷன் டேக்குகளையெல்லாம் (வெர்ஷனுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) தங்கள் கெட்ட கமிட்டை (சேமித்து வைத்த நிரல் மாற்றம்) நோக்கித் திருப்பிவிட்டார்கள். யாருடைய யாமல் ஃபைலிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அடுத்த முறை பில்ட் ஓடியபோது ரன்னரின் (பில்ட் ஓடும் மெஷின்) மெமரியிலிருந்த ரகசியங்கள், பாஸ்வேர்ட், கீ மாதிரியானவை, அப்படியே லாகில் (என்ன நடந்தது என்ற பதிவு) கொட்டின. ரகசியம் லாகில் வந்தால் கிட்ஹப் நட்சத்திரக் குறி போட்டு மறைக்குமே என்று கேட்டேன். இரண்டு முறை பேஸ்-64 என்ற வேறு எழுத்து வடிவத்துக்கு மாற்றி அச்சிட்டதால் அதற்கு அடையாளம் தெரியவில்லை என்றார். சரியான பதில். பொது ரிப்போ என்றால் லாகையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்புறம் சொன்னார்: "அண்ணா, டேக்குங்கறது கடை போர்டு மாதிரிங்க. ராத்திரியோட ராத்திரியா போர்டைக் கழட்டி வேற கடைல மாட்டிட்டா, நீங்க காலைல போயி அங்கதான் நிப்பீங்க. 40 எழுத்து கமிட் ஹாஷ் போட்டா அது கடையோட அஸ்திவாரம். அதைக் கழட்ட முடியாதுங்க."

ஹாஷ் என்பது அந்தக் கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கும் அடையாளம். நான் விழுந்த இடம் இதுதான். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. இன்றைக்கும் அந்த உதாரணம் சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல். அவர் கேட்டதும் ரிப்போவுக்கு அட்மின் அனுமதியே கொடுத்துவிட்டேன். ரைட் அனுமதி போதாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நம்ம வீட்டு வேலை மாதிரி பாத்துத் தர்றனுங்க அண்ணா" என்றவரிடம் எப்படிக் கேட்பது?

மூன்று தவணை. முதலில் 12,000, நடுவில் 15,000, முடித்ததும் 15,000. மூன்று வாரத்தில் 14 ஃபைல் ஆறாகச் சுருங்கியது. 31 பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் அறிக்கை, அட்டையில் கேடயப் படம். முக்கியமாக, எல்லாமே பச்சை. ஆறு வருடமாகச் சிவப்பாகக் கிடந்த பக்கம் வயல் மாதிரி ஆகிவிட்டது. ஃபைல்களைத் திறந்தும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. அழகாக இடம் விட்டு, வரிக்கு வரி கமென்ட் எழுதி, கோவில் கோலம் மாதிரி இருந்தது. கடைசித் தவணையை விடுவித்தேன். "அண்ணா, ஒரு ஃபைவ் ஸ்டார் மட்டும் போட்டு விட்டீங்கன்னா" என்றார். போட்டேன். நாலு வரி புகழ்ந்தும் எழுதினேன்.

பணம் விடுவித்த 22-ஆம் நாள் இரவு 1.40 மணிக்கு கிளவுட் கணக்கிலிருந்து பட்ஜெட் எச்சரிக்கை மெயில். நாங்கள் எட்டிக்கூடப் பார்க்காத பிரேசில் ரீஜியனில் 11 பெரிய மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கை நடுங்கியது. கிளவுட் கணக்கைத் திறக்கும் கீயை முடக்கி, மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி முடிக்க மூன்று மணி. பில் 9,300 ரூபாயோடு நின்றது. மெயில் வராமல் காலை வரை தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

கீ எப்படிப் போனது என்று தேடினால், முந்தின நாள் மாலை ஒரு புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தை உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பும் வேண்டுகோள்) வந்திருக்கிறது. எழுத்துப்பிழைத் திருத்தம் என்று தலைப்பு. அனுப்பிய கணக்குக்கு வயது ஒரு நாள். ரீட்மீயில் ஓர் எழுத்து மாற்றம், கூடவே பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் ப்ரீ-இன்ஸ்டால் என்று ஒரே ஒரு வரி, இன்ஸ்டால் செய்தாலே அதிலிருக்கும் கட்டளை ஓடிவிடும். அதை நாங்கள் மெர்ஜ் செய்யவில்லை, பார்க்கக்கூட இல்லை. ஆனால் வந்த உடனே அது எங்கள் ரகசியங்களோடு ஓடியிருக்கிறது.

காலையில் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண், இன்னும் பயிற்சிக் காலம்கூட முடியவில்லை, அந்த ஆறு ஃபைல்களையும் வரி வரியாகப் படித்தாள். முதலில் அவள் கேட்டது: "அண்ணா, இந்த கன்டினியூ-ஆன்-எரர் ட்ரூ எதுக்கு எல்லா இடத்துலயும் இருக்கு?"

எதற்கு என்றால், அந்த வரி இருந்தால் படி தோற்றாலும் ஜாப் பச்சையாகவே முடியும். டெஸ்ட் தோற்கிறதா, பச்சை. பாதுகாப்பு ஸ்கேனர் ஓட்டை இருக்கிறது என்று கத்துகிறதா, பச்சை. அவர் எதையும் சரிசெய்யவில்லை. காய்ச்சல் தெரியாமலிருக்கத் தெர்மாமீட்டரை ஒடித்துப் போட்டிருக்கிறார்.

மேலே வந்தால் பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் ரைட்-ஆல். ஜாப் ஓடும்போது கிடைக்கும் கிட்ஹப் டோக்கனுக்கு (தற்காலிக அனுமதிச் சீட்டு) எல்லா அதிகாரமும் கொடு என்று அர்த்தம். 2023 பிப்ரவரிக்குப் பிறகு உருவான கணக்குகளில் கிட்ஹப் தானாகவே அந்த டோக்கனைப் படிக்க மட்டும் என்று வைக்கிறது. எங்களுடையது பழையது. அதைக் குறைக்கத்தான் இவரைக் கூப்பிட்டோம், இவர் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்புறம் அந்தப் புல் ரிக்வெஸ்ட் சமாச்சாரம். ஃபோர்க்கிலிருந்து (வெளியாள் எடுத்து வைத்திருக்கும் நகல் ரிப்போ) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்குச் சாதாரணமாக ரகசியங்கள் கிடைக்காது. அதனால் எங்கள் ப்ரிவ்யூ ஜாப் எப்போதும் சிவப்பாக நின்றது. அது தோற்பதுதான் சரி, அதுதான் பாதுகாப்பு. இவர் ட்ரிக்கரை, அதாவது ஜாப் எப்போது ஓட வேண்டும் என்ற வரியை, புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் என்று மாற்றியிருக்கிறார். அது எங்கள் ரிப்போவின் பெயரில், எங்கள் ரகசியங்களோடு ஓடும். புதியவர் அனுப்பினால் ஒப்புதல் கேட்டு நிற்கும் ஏற்பாடு இதற்குப் பொருந்தாது, நேராக ஓடிவிடும். அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருப்போம். அடுத்த படியில் அனுப்பியவரின் நிரலையே செக்-அவுட் செய்து (ரன்னரில் இறக்கி), என்பிஎம் இன்ஸ்டாலும் போட்டு (அந்த ப்ரீ-இன்ஸ்டால் வரியை ஓட்டியது இதுதான்), கிளவுட் கீயை அந்த ஜாப் முழுவதற்கும் எல்லாக் கட்டளைக்கும் தெரியும் என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்திருக்கிறார். வாசலைத் திறந்து, பீரோ சாவியையும் மேஜை மேல் வைத்த மாதிரி.

என் தப்பும் இருக்கிறது. அந்தக் கீ ஆறு வருடப் பழசு, முழு அதிகாரம் உள்ளது, ஒருமுறைகூட மாற்றியதில்லை. கீயே இல்லாமல் அந்தந்த நேரத்துக்கு டோக்கன் வாங்கும் ஓஐடிசி முறைக்கு மாற்றித் தருவதாக அவருடைய கொட்டேஷனில் ஒரு வரி இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் 42,000. அறிக்கையின் 19-ஆம் பக்கத்தில் ஓஐடிசி பற்றி அழகான படம் இருக்கிறது. ஃபைலில் ஒன்றும் இல்லை.

கடைசியாக அவள் காட்டியதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. நாலாவது ஃபைல், 27-ஆம் வரி. அதே சேஞ்ச்ட்-ஃபைல்ஸ் கருவி. பக்கத்தில் ஆங்கிலத்தில் கமென்ட்: பாதுகாப்புக்காகப் 'பின்' (pin) செய்யப்பட்டது, அதாவது ஒரே கமிட்டோடு பூட்டியது. இந்தப் பக்கம் பார்த்தால் வெறும் வெர்ஷன் டேக். ஹாஷ் இல்லை. போர்டுதான் மாட்டியிருந்தது, அஸ்திவாரம் கிடையாது.

அவருக்கு மெசேஜ் போட்டேன். முதல் நாள் பதில்: "என் சைடுல எல்லாம் கிரீனாதானே காட்டுது அண்ணா." இரண்டாம் மெசேஜுக்கு: "செக்யூரிட்டி ஹார்டனிங் ஃபேஸ்-2-ல வருதுங்க, அது தனி பேக்கேஜ்." கொட்டேஷனில் ஃபேஸ்-1, ஃபேஸ்-2 என்ற பேச்சே இல்லை. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான். கோவில் திருவிழாவில் இருக்கிறேன் என்று மறுநாள் ஒரு வாய்ஸ் நோட், பின்னால் மேளச் சத்தம். மேளம் நிஜம்தான் என்று நம்புகிறேன்.

தளத்தின் உதவிப் பிரிவு அதைவிட அருமை. முதலில் சாட்பாட். 42,000 என்று டைப் செய்தால் ஆர்டர் எண் தவறு என்றது. ஒரு மணி நேரம் கழித்து ஆள் வந்தார். உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், ஆனால் மூன்று தவணைகளும் உங்களால் விடுவிக்கப்பட்டவை, புகார் கொடுக்கும் 14 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார். ஓட்டை தெரிந்ததே 23-ஆம் நாள் என்றேன். ஃபைல்கள் டெலிவரி ஆனதா சார் என்று கேட்டார். ஆனது என்றேன். அப்படியென்றால் வேலை முடிந்ததாகத்தான் எங்கள் கணக்கு என்றார். பூட்டு ரிப்பேர்க்காரர் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாலும் வந்து போனாரா என்றுதான் இவர்கள் கேட்பார்கள். மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றதும் சாட் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி சாட்பாட், மறுபடி ஆர்டர் எண். நாலு முறை. 42,000 ரூபாயை நாலு முறை டைப் செய்தேன், ஒவ்வொரு முறையும் அது பெரிதாகிக்கொண்டே போனது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன் இல்லையா. மில்லிலிருந்து இதோடு மூன்றாவது தடவை போன் வந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிஸ்மோர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, ஆக்‌ஷன்ஸ் ஃபைல்களைப் படித்து ஓட்டை சொல்லும். யாருக்கும் பணம் கொடுக்கும் முன்பும், வேலை முடிந்த பின்பும் அதை ஓட்டுங்கள். எங்கள் ஆறு ஃபைல்களுக்குச் சில நொடிகளில் 40-க்கு மேல் எச்சரிக்கை கொடுத்தது. நான் சொன்ன ஹாஷ், ரைட்-ஆல், புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் மூன்றுமே அதில் இருந்தன. யாமலின் எழுத்துப்பிழைக்கு ஆக்‌ஷன்லின்ட். வெளியாளுக்கு அட்மின் கொடுக்காதீர்கள், புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததில் கன்டினியூ-ஆன்-எரர் என்று முதலில் தேடுங்கள். பழைய கீயை இன்றைக்கே மாற்றுங்கள். கடைசித் தவணையைப் புகார்க் கெடு முடியும் வரை பிடித்து வையுங்கள், எவ்வளவு அண்ணா போட்டாலும் சரி.

அந்தப் பெண் இப்போது ஆறு ஃபைல்களையும் அவளே திருத்திக்கொண்டிருக்கிறாள். மூன்று சிவப்பாக நிற்கின்றன. நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதும்போது அவருடைய பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். 4.9 இன்னும் அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் மேலே, முதல் விமர்சனமாக நிற்பது நான் எழுதியது: மிக நேர்த்தியான வேலை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். திருத்தும் பட்டனை அமுக்கினால் 14 நாள் முடிந்துவிட்டது என்கிறது.