"லைசென்ஸும் சேர்த்துத்தான்"னு சொல்லி ப்ரெயின் இமேஜிங் க்ளவுட் சர்வர் விக்கிறாங்களா, காசு கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எம்ஆர்ஐ டேட்டா வச்சு வேலை பார்க்கறவங்க, முக்கியமா சொந்தமா பெரிய சர்வர் இல்லாத சின்ன லேப்ல இருக்கறவங்க, பிஎச்டி பண்றவங்க எல்லாரும் இதை முழுசா படிச்சிடுங்க. ஃப்ரீசர்ஃபர், எஃப்எஸ்எல், எஸ்பிஎம் (மூணும் மூளை ஸ்கேனை அலசற சாஃப்ட்வேர்), மேட்லேப் (எஸ்பிஎம் ஓடறதுக்கான கணக்கு சாஃப்ட்வேர்) எல்லாம் போட்டு வச்சிருக்கோம், லைசென்ஸ் எங்க பொறுப்பு, நீங்க லாகின் பண்ணி ரன் பண்ணா போதும்னு சொல்லி சர்வரை வாடகைக்கு விடற ஒரு நிறுவனம் எங்க லேப்கிட்ட முன்பணம் வாங்கிட்டு நல்லா ஏமாத்திட்டாங்க. பணம் திரும்பக் கேட்டு இன்னும் இழுத்துட்டு இருக்கு, அதனால பேரு போடல.

முதல் பில்லுலயே "சாஃப்ட்வேர் லைசென்ஸ்"னு தனியா ஒரு தொகை இருந்துச்சு. எதுக்குன்னு கேட்டா ஃப்ரீசர்ஃபருக்கும் எஃப்எஸ்எல்லுக்கும்னாங்க. ஃப்ரீசர்ஃபர் லைசென்ஸுக்கு ஒரு பைசா கிடையாதுங்க. அவங்க சைட்ல பேரு, ஈமெயில் கொடுத்து ரிஜிஸ்டர் பண்ணா ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல் மெயில்ல வரும், அதை ஃப்ரீசர்ஃபர் ஃபோல்டர்ல போட்டா முடிஞ்சுது. சர்வர்ல இருந்த அந்த லைசென்ஸ் ஃபைலை திறந்து பார்த்தேன். முதல் வரியில யாரு ரிஜிஸ்டர் பண்ணாங்களோ அவங்க ஈமெயில் இருக்கும், அதுல இருந்தது எங்க லேப் ஆள் யாரும் இல்ல, அந்த நிறுவனத்து ஆளும் இல்ல, ஏதோ ஒரு யுனிவர்சிட்டி ஐடி. யாரோ ஒரு ஸ்டூடண்ட் இலவசமா வாங்கினதை காப்பி பண்ணி எங்க தலையில காசுக்கு கட்டியிருக்காங்க.

எஃப்எஸ்எல் ஆக்ஸ்ஃபோர்டோடது. படிப்பு, ஆராய்ச்சிக்கு இலவசம், வணிகத்துக்குன்னா காசு கட்டி தனி லைசென்ஸ் வாங்கணும். இன்னொரு அமைப்புக்கு காசு வாங்கிட்டு சேவை பண்ண அதை யூஸ் பண்ணா அதுவும் வணிகப் பயன்பாடுதான்னு லைசென்ஸ்லயே தெளிவா எழுதியிருக்கு. அப்போ எங்ககிட்ட காசு வாங்கின இவங்ககிட்ட அந்த வணிக லைசென்ஸ் இருக்கான்னு கேட்டேன். மத்த எல்லா கேள்விக்கும் பதில் வரும், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

மேட்லேப் கதை இதைவிட மோசம். ஆரம்பத்துல ஓடுச்சு. விண்டோ மேல டைட்டில்ல "அகாடமிக் யூஸ்"னு வந்தப்பவே உறுத்துச்சு, வியாபாரம் பண்ற கம்பெனி கொடுக்கற மேட்லேப்ல அது ஏன் வரணும்? அப்புறம் ஒரு நாள் ராத்திரி எஸ்பிஎம் பேட்ச் (பல ஸ்கேனை வரிசையா தானா ஓட்டற வேலை) போட்டுட்டு காலையில பார்த்தா எல்லாம் நின்னு போயிருக்கு, லைசென்ஸ் மேனேஜர் எரர் மைனஸ் 9. லைசென்ஸ் ஃபைல்ல இருக்கற ஹோஸ்ட் ஐடியும் மெஷினோட ஐடியும் ஒத்துப் போகலைன்னா வர்ற எரர் அது. ஒரு மெஷினுக்குன்னு கட்டிப் போட்ட லைசென்ஸ் பெரும்பாலும் அந்த மெஷினோட மேக் அட்ரஸைத்தான் (நெட்வொர்க் இன்டர்ஃபேஸோட அடையாள எண்) பார்க்கும், க்ளவுட்ல மெஷினை அழிச்சுட்டு புதுசா உருவாக்கினா அந்த அட்ரஸ் மாறிடும். நெட்வொர்க் இன்டர்ஃபேஸை தனியா உருவாக்கி வச்சு புது மெஷின்ல மாட்டினா அட்ரஸ் அப்படியே இருக்கும், இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு இது தெரியாம இருக்காது. அதை சரி பண்ணிட்டோம்னு சொன்னாங்க, அடுத்து மைனஸ் 4 வர ஆரம்பிச்சுது, அதாவது அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல ஆளுங்க ஒரே நேரத்துல யூஸ் பண்றாங்க. ஒரு லைசென்ஸை எத்தனை கஸ்டமருக்கு பங்கு போட்டு வித்திருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. சப்போர்ட்டுக்கு எழுதினா "கொஞ்ச நேரம் கழிச்சு ட்ரை பண்ணுங்க"ன்னு மொட்டையா ஒரு பதில். இத்தனைக்கும் எஸ்பிஎம்முக்கு ஸ்டாண்டலோன் வெர்ஷன் இருக்கு, இலவசமா கிடைக்கற மேட்லேப் ரன்டைம்லயே பேட்ச் ஓடும், மேட்லேப் லைசென்ஸே வேண்டாம். இதை அவங்க ஒரு தடவைகூட சொல்லல, சொன்னா லைசென்ஸ்னு காசு வாங்க முடியாதே.

மெஷினும் அவங்க சொன்ன மெஷின் இல்ல. உங்களுக்கே உங்களுக்குன்னு தனி சர்வர்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஆனா ரீகான்-ஆல் (ஒரு ஸ்கேனை முழுசா அலசற ஃப்ரீசர்ஃபர் கமாண்ட்) போட்டா பாதி சப்ஜெக்ட்டுக்கு, அதாவது ஸ்கேன் கொடுத்தவங்கள்ல பாதி பேருக்கு, ரன் நடுவுலயே நின்னு போயிருக்கும். ஒரு மூளைக்கு பல மணி நேரம் ஓடற வேலை அது, முடிஞ்சா லாக் கடைசியில "ஃபினிஷ்ட் வித்அவுட் எரர்"னு வரும், எங்களுக்கு அந்த வரி இல்லாத லாக் வரிசையா கிடந்துச்சு. திரும்ப ஓட்டலாம்னா ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டர்ல "இஸ்ரன்னிங்"னு ஒரு ஃபைல் அனாதையா நிக்கும், அதை அழிக்காம ரீகான்-ஆல் நகரவே நகராது. மெஷினோட மெட்டாடேட்டாவுல (மெஷினைப் பத்தி க்ளவுட் தர்ற விவரம்) லைஃப் சைக்கிள்னு இருக்கறதை கேட்டுப் பார்த்தா "ஸ்பாட்"னு வந்துச்சு. அமேசான் க்ளவுட்ல ஸ்பாட் மெஷின்னா மிச்சம் இருக்கற கெப்பாசிட்டியை மலிவா கொடுக்கறது, அவங்களுக்கு தேவைப்பட்டா 2 நிமிஷம் முன்னாடி சொல்லிட்டு பிடுங்கிக்குவாங்க. மலிவு மெஷினை எடுத்து தனி சர்வர் விலைக்கு வித்து, இடையில இருக்கற காசை இவங்க சாப்பிட்டிருக்காங்க.

இதெல்லாம் காசோட போற விஷயம், இதுக்கு மேல நடந்ததுதான் எங்களால இன்னும் ஜீரணிக்க முடியல. எங்க ஸ்டடியில நோயாளிங்க ஸ்கேன் முதல்ல ஓடி முடிஞ்சுது, கண்ட்ரோல் குரூப் (ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, அந்த நோய் இல்லாதவங்க) அப்புறம். ரெண்டுக்கும் நடுவுல எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காம சர்வர் இமேஜை (சாஃப்ட்வேர் எல்லாம் போட்டு வச்ச மூலக் காப்பி) "அப்டேட்" பண்ணியிருக்காங்க, ஃப்ரீசர்ஃபர் 6 போய் 7 வந்திருக்கு. ரெண்டு குரூப்புக்கும் கார்ட்டெக்ஸ் (மூளையோட வெளி அடுக்கு) தடிமன் மூளை முழுக்க வித்தியாசமா வந்துச்சு, அந்த நோய்ல மாற்றமே எதிர்பார்க்காத இடத்துலகூட. சந்தேகம் வந்து ஒவ்வொரு சப்ஜெக்டோட ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டர்லயும் இருக்கற பில்ட்-ஸ்டாம்ப் ஃபைலை (எந்த வெர்ஷன்ல ஓடுச்சுன்னு எழுதியிருக்கறது) வரிசையா ப்ரிண்ட் பண்ணிப் பார்த்தப்பதான் நோயாளிங்க எல்லாம் ஒரு வெர்ஷன், கண்ட்ரோல் எல்லாம் இன்னொரு வெர்ஷன்னு தெரிஞ்சுது. நாங்க பார்த்த வித்தியாசம் நோயால வந்ததா வெர்ஷனால வந்ததான்னு அந்த ரிசல்ட்டை வச்சு சொல்லவே முடியாது. இது சின்ன விஷயம்னு யாரும் நினைக்காதீங்க. 2012ல ப்ளோஸ் ஒன்ல வந்த ஒரு ஆய்வுல ஃப்ரீசர்ஃபர் 5.0.0க்கும் அதுக்கு முந்தின வெர்ஷன்களுக்கும் நடுவுல அளவு (வால்யூம்) சராசரியா 8.8 சதவீதம், தடிமன் 2.8 சதவீதம் மாறுச்சுன்னு காட்டியிருக்காங்க, ஒரே வெர்ஷனை வேற கம்ப்யூட்டர்ல, வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஓட்டினாக்கூட கொஞ்சம் மாறுச்சு. இவங்ககிட்ட கேட்டா "லேட்டஸ்ட் வெர்ஷன் கொடுக்கறது எங்க சர்வீஸோட சிறப்பு"ங்கறாங்க. நேரம் ஒதுக்கி ஸ்கேனருக்குள்ள அசையாம படுத்திருந்தவங்களுக்கு நாங்க பதில் சொல்லணும், அதை நினைச்சாத்தான் கோபம் வருது.

விலகறோம்னு சொன்னதும் மெஷினை நிறுத்தினாங்க, பில் நிக்கல, டிஸ்குக்கு வந்துட்டே இருந்துச்சு. க்ளவுட்ல மெஷினை ஸ்டாப் பண்ணா கம்ப்யூட்டுக்கு மட்டும்தான் காசு நிக்கும், டிஸ்கை அழிக்கற வரைக்கும் அது ஓடும். டேட்டாவை உள்ள ஏத்தறது பொதுவா இலவசம், வெளிய எடுக்கறதுக்கு அளவுக்கேத்த காசு, இவங்க அது மேல தன் பங்கையும் ஏத்தி வச்சிருந்தாங்க.

இன்னொண்ணு, எல்லா கஸ்டமருக்கும் பொதுவா மவுண்ட் பண்ணியிருந்த (இணைச்சிருந்த) டிஸ்க்ல வேற யாரோ லேபோட சப்ஜெக்ட் ஃபோல்டர்கள் எங்க லாகின்ல இருந்தே தெரிஞ்சுது. நாங்க எதையும் திறக்காம உடனே எழுத்துல சொன்னோம். எங்க ஸ்கேன்ல முகத்தை நீக்கிட்டுத்தான் ஏத்தினோம், அந்த லேப் பண்ணாங்களான்னு தெரியாது. 2019ல மாயோ க்ளினிக் ஆளுங்க 84 பேரோட எம்ஆர்ஐல இருந்து முகத்தை உருவாக்கி ஃபேஸ் ரெகக்னிஷன்ல விட்டப்போ 70 பேரை அவங்கவங்க ஃபோட்டோவோட சரியா பொருத்துச்சு, பேரை மட்டும் எடுத்துட்டா போதும்னு இருக்கறவங்க இதை யோசிக்கணும்.

இப்ப எல்லா சப்ஜெக்ட்டையும் முதல்ல இருந்து ஓட்டிட்டு இருக்கோம், வெர்ஷன் நம்பரை பூட்டின ஒரே கண்டெய்னர்ல (சாஃப்ட்வேரை அது ஓடத் தேவையானதோட சேர்த்துக் கட்டின பொட்டலம்), எங்க பேர்ல வாங்கின லைசென்ஸ் ஃபைலோட, நேரடியா க்ளவுட் அக்கவுண்ட் எடுத்து. நியூரோடெஸ்க்னு ஓப்பன் சோர்ஸ்லயே இந்த டூல்ஸ் பெரும்பாலும் கண்டெய்னரா கிடைக்குது, அதையும் பாருங்க. எங்க டேட்டாவை அழிச்சதுக்கு எழுத்துல உறுதி கேட்டிருக்கோம், இன்னும் வரல. இந்த மாதிரி சர்வர்ல ஏற்கனவே ஓட்டினவங்க யாராவது இருந்தா பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடி பில்ட்-ஸ்டாம்ப் ஃபைலை எல்லா சப்ஜெக்ட்டுக்கும் எடுத்துப் பாருங்க, ஒரே ஒரு கமாண்ட்தான். லைசென்ஸ் ஃபைலோட முதல் வரியையும் பார்த்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, எங்ககிட்ட அது இருந்ததாலதான் லைசென்ஸ் காசை திருப்பித் தர்றதைப் பத்தியாவது பேசவே வந்தாங்க.