ஒரே சர்வரில் மெயிலும் வெப்சைட்டும்: 443 யாருக்கு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சர்வரில் ஜிம்ப்ரா என்ற மெயில் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்த ஒரு காலையில் மெயில் பக்கம் திறக்கவில்லை. "ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் முதலாளி.

எஸ்எஸ் (ss) என்ற லினக்ஸ் கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டி, எந்த போர்ட்டை, அதாவது சர்வரின் எண் போட்ட எந்த வாசலை, எந்த மென்பொருள் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். பிரௌசர் வந்து தட்டும் 80, 443 இரண்டிலும் அப்பாச்சி என்ற வெப் சர்வர். ஸ்டாக் பார்க்க ஒரு பக்கம் போடலாமென்று யாரோ எப்போதோ ஏற்றி, ஓடாததால் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். மறுபடி பூட் ஆனபோது அது முந்திக்கொண்டது. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்.

அப்பாச்சியை நிறுத்தி ஜிம்ப்ராவை மறுபடி ஓட்டினால் மெயில் வந்துவிடும். ஆனால் முதலாளிக்கு இப்போது ஸ்டாக் பக்கமும் வேண்டும். அப்புறம்தான் எந்த வழி என்ற கேள்வி.

மெயில் பக்கத்தை 8443-க்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. எனக்கு அது பிடிக்காது. முகவரியோடு போர்ட் எண்ணையும் எல்லோரும் அடிக்க வேண்டும். வெளியூர் ஓட்டல் வைஃபை சிலவற்றில் 80, 443 தவிர வேறெதுவும் போகாது. மாற்றுவதென்றால் ஸ்டாக் பக்கத்தை மாற்றுங்கள், அதை ஆபீஸுக்குள் மட்டும்தானே பார்க்கிறார்கள்.

இன்னொரு ஐபி (சர்வரின் இணைய முகவரி எண்) வாங்கினால் ஆளுக்கொன்று கொடுக்கலாம். சுத்தமான வழி, ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. இரண்டு மென்பொருளுமே எல்லா முகவரியிலும் காது வைத்துக் கேட்பதுதான் வழக்கம். ஒவ்வொன்றையும் அதனதன் ஐபியில் கட்டிப்போடாவிட்டால் சண்டை தொடரும். மெயில் வெளியே போகும் ஐபி மாறிவிட்டால் பிடிஆர் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்வது), எஸ்பிஎஃப் (எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) பதிவுகள் பொருந்தாமல், சரக்கு வாங்கும் பையரின் ஸ்பேமில் போய் விழும்.

மூன்றாவது, முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி, அதாவது வருகிறவர்களை உள்ளே பிரித்து அனுப்பும் வாட்ச்மேன். அதற்கு என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள். 80, 443 அதனிடம் இருக்கும். எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்து மெயிலுக்கோ அப்பாச்சிக்கோ அனுப்பும். ஒரே ஐபி, ஒரே மெஷின் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஜிம்ப்ராவுக்குள்ளேயே ஒரு என்ஜின்எக்ஸ் உண்டு. அதன் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள், ரீஸ்டார்ட்டில் புதிதாக எழுதிக்கொள்ளும். அதை 80, 443-ஐ விட்டு வேறு போர்ட்டுக்கு ஜிம்ப்ராவின் சொந்தக் கட்டளையால்தான் மாற்ற வேண்டும்.

தனி மெஷின்? காசு இருந்தால் பேச்சே இல்லை.

இதுவரை பேசியது 80, 443 பற்றி. வெளியிலிருந்து மெயில் வந்து சேரும் 25-க்கு, போர்ட் மாற்றுவதும் பெயர் பார்த்துப் பிரிப்பதும் பலிக்காது. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவில் போர்ட் எண் எழுத இடமே கிடையாது. வெளி சர்வர்கள் நேராக 25-க்குத்தான் வரும். லினக்ஸோடு வந்த எக்சிமோ போஸ்ட்ஃபிக்ஸோ (இரண்டும் மெயில் சர்வர்கள்) அங்கே உட்கார்ந்திருந்தால் நிறுத்துவதோடு விடாமல், பூட் ஆகும்போது தானாக எழாதபடி டிசேபிளும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் திரும்பி வரும்.

அந்தக் கம்பெனிக்குப் பிராக்ஸிதான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவில் இரண்டு தடவை ரீபூட் செய்து பார்த்தேன், சரியாக எழுந்தது. திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர் போன்: "அண்ணா, டெக் பேக் (துணியின் டிசைன் விவரக் கோப்பு) மெயிலில் அட்டாச் ஆகமாட்டேங்குதுங்க." என்ஜின்எக்ஸ் சும்மா விட்டால் 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. 50 ஆக்கினேன், போய்விட்டது.