ஃபைபரால் டோஸ் அளந்த ஐந்து ஆண்டுகள்

துகள் முடுக்கிச் சுரங்கத்தின் கேபிள் ட்ரேயில் பாஸ்பரஸ் கலந்த ஒளியிழையைப் பதித்து, அதையே டோசிமீட்டராக, அதாவது பட்ட கதிர்வீச்சின் அளவை (டோஸ்) அளக்கும் கருவியாக வைத்து ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டோம். பழைய முறைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

முன்பு அங்கங்கே சிறு டோசிமீட்டர்களை ஒட்டிவைப்போம். மாதக்கணக்கில் காத்திருந்து, இயந்திரம் நின்றபின் உள்ளே போய் எடுத்துவந்தால் மொத்தக் கணக்கு மட்டும் தெரியும். ஃபைபரோ கதிர்வீச்சு பட்ட இடத்தில் கறுக்கிறது, அங்கே ஒளி கூடுதலாக இழக்கப்படுகிறது. வெளியே பத்திரமாக இருக்கும் ஓ.டி.டி.ஆர். கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பும்; சிதறித் திரும்பும் ஒளி வந்து சேரும் நேரத்தை வைத்து அந்த இடத்தைக் காட்டிவிடும். 10 நானோநொடித் துடிப்பு என்றால் ஏறக்குறைய 1 மீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். முதல் ஆண்டிலேயே, இரண்டு பழைய டோசிமீட்டர்களுக்கு நடுவே டோஸ் வரைகோட்டில் ஒரு மேடு தெரிந்தது. அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி சரியாக அங்கேதான் இருந்தது. நகர்த்தினோம், பழுது நின்றது.

ஆரம்பத்தில் கையிலிருந்த தொலைத்தொடர்பு ஃபைபரைப் போட்டுப் பார்த்தது தவறு. ஜெர்மானியம் கலந்த அந்த இழை, பீம் (துகள் கற்றை) நின்றதும் மெல்லத் தெளிந்துவிடும். ஒருமுறை ஏறிய டோஸ் எப்படிக் குறையும்? பாஸ்பரஸ் இழையில் 1550 நானோமீட்டரில் அளந்தால், அறை வெப்பநிலையில் கறுப்பு நிலைத்து நிற்கிறது. 1 கிரேக்கு (கிரே என்பது டோஸின் அலகு), கிலோமீட்டருக்குச் சுமார் 4 டெசிபல் ஒளியிழப்பு. சில நூறு கிரே வரை நேர்கோடாக ஏறும். இருந்தாலும் அந்தப் பொது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே டிரம்மிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கோபால்ட்-60 கதிர்வீச்சு மூலத்தில் வைத்து அளவுதிருத்தம் செய்த பிறகே நாங்கள் பதித்தோம்.

இரண்டாம் ஆண்டில் பெரிய பதற்றம். ஓரிடத்தில் திடீரென்று 0.6 டெசிபல் இழப்பு. டோஸ் என்றே எல்லோரும் முடிவுகட்டினார்கள். ஆனால் வரைகோட்டில் அது சரிவாக இல்லை, செங்குத்தான படியாக இருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன்: அது தோன்றிய வாரத்தில் பீமே ஓடவில்லை. பராமரிப்புக்குப் போனவர்கள் ட்ரேயில் போட்ட கிளிப் இழையை நெரித்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பராமரிப்புக்கு முன்னும் பின்னும் அடிப்படை அளவீடு எடுக்காமல் விடுவதில்லை.

உண்மையான குறை, இழை தேய்ந்துபோவதுதான். 10 மீட்டர் நீளத்தில் 100 கிரே ஏறினால், ஒருவழிப் பயணத்திலேயே 4 டெசிபல் போய்விடும். அதற்கு அப்பால் உள்ள பகுதி இரைச்சலில் மூழ்கத் தொடங்கும். இரு முனையிலிருந்தும் அளந்து ஓராண்டு சமாளித்தோம். நான்காம் ஆண்டில் அந்தப் பகுதியை வெட்டிப் புது இழையை ஸ்பிளைஸ் செய்து இணைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த முறை பக்கத்திலேயே கதிர்வீச்சைத் தாங்கும் தூய சிலிக்கா இழை ஒன்றையும் சேர்த்துப் பதிக்கப்போகிறேன். இரண்டிலும் ஒரே இடத்தில் இழப்பு தெரிந்தால் முதலில் கிளிப்பைத்தான் தேடுவேன்.