திருப்பூர்ல சாயங்கால எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் கோர்ஸ்: காசு கட்டலாமா?

பனியன் கம்பெனி வேலைய விடாம படிக்கிற மாதிரி எக்ஸ்போர்ட் கோர்ஸ் ஏதாச்சும் இருக்கான்னு எங்க குரூப்ல நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதனால நான் படிச்சு முடிச்ச கோர்ஸ பத்தி விவரமா எழுதறேன். சென்டர் பேரு போடலைங்க, குறையும் சொல்லப்போறேன், அதுவும் போக இந்த மாதிரி சென்டர் ஊருக்குள்ள நிறைய இருக்கு, எல்லாத்துக்கும் இது பொருந்தும். 3 மாச கோர்ஸ், வாரத்துல நாலு நாள் சாயங்காலம் 7ல இருந்து 9, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு கிளாஸ். பீஸ் 15 ஆயிரம், ரெண்டு தவணையா கட்டலாம்.

சொல்லித்தர்றவரு தூத்துக்குடில கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் இருந்து ரிட்டயர் ஆன சார். கோர்ஸோட பாதி மதிப்பு அவரு ஒருத்தருக்கே குடுக்கலாம். முதல் கிளாஸ்லயே நாலஞ்சு துணிய மேசை மேல போட்டு இதுக்கெல்லாம் ஹெச்.எஸ் கோடு, அதாவது கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு வகை சரக்குக்கும் இருக்கற நம்பர், என்னன்னு கேட்டாரு. பின்னல் துணின்னா 61ஆம் அத்தியாயம், நெசவு துணின்னா 62, டீ-ஷர்ட்னா 6109, குழந்தைங்க உருப்படின்னா 6111, இப்படி போகும். பி.காம் முடிச்சுட்டு வந்த பசங்க புக்க பொரட்டிட்டு இருந்தாங்க, பேட்லாக் மிஷின்ல உக்காந்து தைச்சவங்களும் செக்கிங் டேபிள்ல நின்னவங்களும் துணிய ஒரு இழு இழுத்துப் பாத்துட்டு இது நிட்டு, இது ஓவன்னு டக்குன்னு பிரிச்சு வச்சுட்டாங்க. சரக்க பத்தி அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல, அந்த சரக்குக்கு பின்னாடி போற பேப்பர மட்டும் இத்தன வருஷமா யாரும் அவங்க கைல குடுக்கல, அவ்வளவுதான்.

எல்.சி (பேப்பர் எல்லாம் சரியா இருந்தா பணம் தர்றேன்னு பையரோட பேங்க் குடுக்கற உறுதிக் கடிதம்) பாடம்தான் எனக்கு ரொம்ப புடிச்சுது. பேங்க் சரக்க பாக்காது, பேப்பர மட்டும்தான் பாக்கும்னு சார் சொல்லிட்டே இருப்பாரு. பேங்குங்க எல்.சிக்கு பின்பற்றற யு.சி.பி 600 விதிப்படி, எல்.சில வேற மாதிரி சொல்லலைன்னா ஷிப்மெண்ட் ஆன 21 நாளுக்குள்ள ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கோட (சரக்கு ஏத்துனதுக்கு கப்பல் கம்பெனி தர்ற சீட்டு) டாக்குமெண்ட் பேங்குக்கு போயாகணும், அதுவும் எல்.சி முடியற தேதிக்கு முன்னாடி. இன்வாய்ஸ்ல சரக்கோட விவரம் எல்.சில இருக்கறதோட ஒத்துப்போகலைன்னா டிஸ்க்ரிபன்சி, அதாவது பேப்பர்ல முரண்பாடுன்னு நிறுத்தி வச்சுருவாங்க, பையர் சரின்னு சொல்ற வரைக்கும் பணம் வராது. பழைய எல்.சி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கம்பெனி பேர அழிச்சுட்டு கொண்டு வந்து குடுத்து தப்பு கண்டுபிடிங்கன்னு உக்கார வச்சுருவாரு. கூட படிச்ச ஒரு அக்கா, 8வதோட நின்னு செக்கிங்ல வருஷக்கணக்கா இருக்கறவங்க, 1:2:2:1 சைஸ் ரேஷியோல எத்தன பெட்டி, பெட்டிக்கு எத்தன பீஸுன்னு மனசுலயே போட்டு பேக்கிங் லிஸ்ட்ல கூட்டல் தப்பு இருக்கறத முதல்ல சொன்னது அவங்கதான். ஆனா அதே பேப்பர்ல இருந்த இங்கிலீஷ் கண்டிஷன படிக்க பக்கத்துல இருந்த தம்பி உதவி வேணும்.

இந்த கோர்ஸ்ல எனக்கு பெரிய வருத்தமே இதுலதான் இருக்கு. நோட்ஸ் மொத்தமும் இங்கிலீஷ். சார் வாயில சொல்றது தமிழ்ல அருமையா புரியுது, வீட்டுக்கு போயி நோட்ஸ திறந்தா ஒண்ணும் ஓடாது. ஏத்துமதிக்கு கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற ஷிப்பிங் பில்லு இங்கிலீஷ்லதான் இருக்கும், அது தெரிஞ்சுதான் ஆகணும், மறுக்கல. ஆனா விளக்கம் தமிழ்ல இருக்கறதுக்கு என்ன தடை? பாதில நின்னவங்கள்ல நிறைய பேர் இதனாலதான் நின்னாங்க, படிக்க மனசு இல்லாம இல்ல.

நேரமும் அப்படித்தான். நம்ம ஊர்ல ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை வரைக்கும் ஓடும். 7 மணி கிளாஸுக்கு யாரால வர முடியும், ஆபீஸ்ல இருக்கறவங்களாலயும் காலேஜ் முடிச்சவங்களாலயும்தான். கோர்ஸ் யாருக்கு ரொம்ப தேவையோ அவங்க அந்த நேரத்துல மிஷின்ல உக்காந்துட்டு இருக்காங்க.

ஏன் இத இவ்வளவு நீட்டறேன்னா, இந்த ஊரோட கதையே இதுதாங்க. 1978ல இத்தாலிக்காரர் வெரோனா இங்க வந்து பனியன் வாங்க ஆரம்பிச்சதுல இருந்து சொல்லுவாங்க, 1990ல எக்ஸ்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் வந்துச்சு, 2005ல ஒரு நாடு இவ்வளவு துணிதான் அனுப்பலாம்ங்கற கோட்டா உலக அளவுல முடிஞ்சுது, 2011ல சாயப்பட்டறைங்கள கோர்ட் மூடச் சொல்லி ஊரே ஆடிப்போயி கழிவுநீர் சுத்திகரிப்போட மறுபடி எந்திரிச்சு, இன்னிக்கு வருஷத்துக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய ஒட்டி ஏத்துமதி. ஆனா அந்த வளர்ச்சி நடக்கறப்ப 'பத்தாவது பெயிலா, பனியன் கம்பெனிக்கு வா'ன்னு ஒரு தலைமுறையே ஸ்கூல்ல இருந்து நேரா டெய்லர் மிஷினுக்கு வந்துச்சு. சுத்துப்பட்டு நூல் மில்லுங்கள்ல சுமங்கலி திட்டம்னு வயசுப்பொண்ணுங்கள 3 வருஷம் ஹாஸ்டல்ல வச்சு வேல வாங்கி கடைசில கல்யாணத்துக்கு ஒரு தொகைன்னு குடுத்ததும் இந்தப் பக்கத்துலதான். படிக்கற வயசு அதுலயே போச்சு.

இது நம்மூர்ல மட்டும் நடந்தது இல்ல. மெக்சிகோல 1986ல இருந்து 2000 வரைக்கும் ஏத்துமதி பேக்டரி வந்த ஊருங்கள எடுத்து ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, புதுசா வந்த ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு பிள்ள 12ஆவது வரைக்கும் போகாம 9ஆவதோடயே நின்னுருச்சாம். படிப்பு கேக்காத வேல கைக்கு எட்டற தூரத்துல வந்தா, வீட்ல கஷ்டம் இருக்கற பிள்ள போகத்தான் செய்யும். பங்களாதேஷ்ல கார்மெண்ட் பேக்டரி பக்கத்துல இருக்கற கிராமங்கள பாத்தவங்க வேற மாதிரி சொல்றாங்க, அங்க பொண்ணுங்க எச்சா வருஷம் ஸ்கூல் போயிருக்காங்க, கல்யாணமும் தள்ளிப்போயிருக்கு, ஏன்னா எழுதப்படிக்க கணக்குப்போட தெரிஞ்சவங்களுக்கு அந்த பேக்டரில நல்ல வேல கிடைக்கும்னு அப்பா அம்மாவுக்கு தெரிஞ்சுருக்கு. ரெண்டும் ஏத்துமதிதான். மேல போக ஒரு படி இருக்கா, அந்தப் படிக்கு படிப்பு கேக்கறாங்களா, அதுலதான் வித்தியாசம் வருதுன்னு நான் நினைக்கறேன்.

நம்ம மாவட்டம் 2024 பிளஸ் டூ ரிசல்ட்ல 97.45 சதவீதத்தோட தமிழ்நாட்லயே முதல்ல வந்துச்சு. அந்தப் பிள்ளைங்கள்ல எத்தன பேரோட அப்பா அம்மா ஓவர்லாக் மிஷின்ல உக்காந்து துணி பீஸ் கட்டி ஸ்கூல் ஃபீஸ் கட்டுனவங்களா இருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு பெருமையா இருக்கு. பிள்ளைங்களுக்கு வழி திறந்துருச்சு, அந்த அப்பா அம்மாவுக்கும் ஒரு வழி வேணும்ல, அவங்களுக்கு இன்னும் 20 வருஷம் உழைப்பு பாக்கி இருக்கே. இந்த கோர்ஸ நான் அந்தக் கண்ணோட பாக்கறதாலதான் குறைய பாத்தா மனசு பொறுக்கல.

மத்த குறைங்களும் சொல்லிடறேன். நோட்ஸ் பழசு. யூரோப்புல ஜி.எஸ்.பி-ங்கற இறக்குமதி வரி சலுகைக்கு இன்னும் ஃபார்ம் ஏ-ங்கற சர்டிபிகேட் வாங்கணும்னு போட்டுருக்கு, அது போயி ரெக்ஸ் முறை வந்து வருஷமாச்சு, 6,000 யூரோக்கு மேல போற சரக்குக்கு ரெக்ஸ்ல பதிஞ்ச எக்ஸ்போர்ட்டர், சரக்கு இந்தியால உருவானதுன்னு தானே ஸ்டேட்மெண்ட் குடுத்துக்கலாம். எந்தச் செலவு விக்கறவருக்கு, எது வாங்கறவருக்குன்னு சொல்ற இன்கோடெர்ம்ஸ் விதிங்களும் 2010 பதிப்பு, 2020 வந்தது நோட்ஸ்ல இல்ல. சார் கிளாஸ்ல சரியாத்தான் சொல்றாரு, ஆனா பரீட்சைக்கு நோட்ஸ பாத்து எழுதறவங்க என்ன பண்ணுவாங்க? ஐஸ்கேட்ங்கற கஸ்டம்ஸ் வெப்சைட் பக்கத்த ப்ரொஜெக்டர்ல காட்டறதோட சரி, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் குடுத்து ஒரு ஷிப்பிங் பில்ல மாதிரிக்காச்சும் நிரப்ப விடணும், 15 ஆயிரம் வாங்கறாங்க இல்ல.

நல்லதும் நிறைய. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரி 50 சதவீதம் ஆனப்ப பாடத்த நிறுத்திட்டு எஃப்.ஓ.பி-ல (கப்பல்ல ஏத்தற வரைக்கும்தான் நம்ம பொறுப்பு) வித்தா வரி யாரு தலைல, டி.டி.பி-ல (வரியும் கட்டி பையர் இடத்துக்கே சேக்கறது நம்ம பொறுப்பு) வித்தா யாரு தலைலன்னு ஒரு கிளாஸ் முழுக்க நடத்துனாரு. எஃப்.ஓ.பி-னா சட்டப்படி வரிய கட்டறது அங்க இருக்கற பையர்தான், ஆனா அவரு அடுத்த நிமிஷம் ரேட்ட குறைன்னு கேப்பாரு, அப்ப எவ்வளவு தாங்கும்னு சொல்ல கைல காஸ்டிங் சீட்டு சரியா இருக்கணும்னாரு. ஜாப் ஒர்க் யூனிட் வச்சுருக்கற ஒரு அண்ணன் அன்னிக்கு கேட்ட கேள்விங்க எல்லாம் தங்கம். அதே வருஷம் ஜூலைல பிரிட்டனோட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதையும் எடுத்து, வரி சலுகை வேணும்னா சரக்கு இந்தியால உருவானதுன்னு காட்ட நூல்ல இருந்து என்னென்ன பேப்பர் சேத்து வைக்கணும்னு சொல்லிக்குடுத்தாரு. ஏத்துமதி பண்ண வேணுங்கற ஐ.இ.சி நம்பர் வாங்க 500 ரூபாதான் அரசு கட்டணம், நாமே ஆன்லைன்ல எடுத்துக்கலாம், ஆனா வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அப்டேட் பண்ணலைன்னா செயலிழந்துரும், இத ரெண்டு மூணு தடவ அழுத்திச் சொன்னாரு.

என் கணக்குல 5க்கு மூணரை. சார் ஒருத்தருக்கே அதுல ரெண்டரை. ஃப்ளோர்ல ரெண்டு மூணு வருஷம் இருந்து பேக்கிங், செக்கிங், மெர்ச்சண்டைசிங் பக்கம் கை வச்சவங்க தாராளமா சேருங்க, போட்ட காசு வீண் போகாது. சர்டிபிகேட்ட காட்டி வேல வாங்கலாம்னு நினைச்சு சேராதீங்க, எந்த கம்பெனிலயும் அத கேக்கறது இல்ல, ஒரு இன்வாய்ஸ குடுத்து போடச் சொல்லித்தான் பாப்பாங்க. கம்பெனி ஓனருங்க யாராச்சும் இத படிச்சா, கிளாஸ் இருக்கற நாள்ல உங்ககிட்ட படிக்கற ஆளுங்கள அஞ்சரைக்கே விட்ருங்கண்ணா, ஒரு ஷிப்மெண்ட் டாக்குமெண்ட் தப்பால நின்னா ஆகற நஷ்டத்துக்கு முன்னாடி அந்த அரை ஷிப்ட் பெருசே இல்ல. சேரப்போறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடி மூணு கேளுங்க: சொல்லித்தர்றது யாரு, நோட்ஸ் எந்த வருஷத்துது, கம்ப்யூட்டர்ல நாமே செஞ்சு பாக்க விடுவாங்களா. ஒரு கிளாஸ் சும்மா உக்காந்து பாக்க விடறாங்க, அத பாத்துட்டு முதல் தவணை மட்டும் கட்டுங்க, புது நோட்ஸ் கைக்கு வந்தப்புறம் ரெண்டாவது கட்டிக்கலாம், ரசீது மறக்காம வாங்கி வச்சுக்கங்க.