கிட் மாற்றியும் நிற்காத கசிவு: 14 மாத அனுபவம்

நான்கு ஆண்டுகளாக உறை போட்டு நிறுத்தியிருந்த பழைய காரை நண்பர் ஒருவர் வெளியே எடுக்கப் போகிறார். கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) ரிப்பேர் கிட், அதாவது தேயும் உதிரிகள் அடங்கிய செட், போதுமா, முழுவதுமாகவே மாற்றிவிடலாமா என்று கேட்டார். என்னுடைய காரும் ஐந்து ஆண்டுகள் கிடந்ததுதான். கிட் மாற்றி 14 மாதங்களாக ஓட்டுகிறேன். நல்ல கிட். ஆனாலும் அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கிட் வாங்குவதற்கு முன், முதல் நாள் எஞ்சின் உடனே உயிர் பெற்றது. ஐந்தே நிமிடத்தில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமும் அதன் மூடியும் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தது. பிறகு சொட்டு. கீழே எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, கொதித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தபோது கை நடுங்கியது. தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்க வேண்டாம்.

திறந்து பார்த்தால், பழைய பெட்ரோல் ஆவியாகிப் போய் விட்டுச்சென்ற பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது. கிண்ணத்துக்கும் மூடிக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை என்ன செய்யும் என்பதற்குப் கார்புரேட்டர் பம்பின் டயாஃப்ரமே (ரப்பர் சவ்வு) சாட்சி: விரல் பட்டதும் விரிசல் விட்டது.

கிட்டில் வந்த ஊசி வால்வைப் பாராட்டியே ஆக வேண்டும். கிண்ணம் நிரம்பும்போது உள்ளே மிதவை உயர்ந்து, இந்த ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வரும் வழியை மூடும். பழைய பித்தளை ஊசியின் நுனியில் தேய்மானத்தால் ஒரு வளையம் விழுந்திருந்தது. புதியதன் நுனியில் ரப்பர். மூடியைக் கவிழ்த்து, மிதவையின் எடை ஊசியை அழுத்தும்படி வைத்து, சுத்தமான குழாய் வழியாக ஊதினேன். துளிக் காற்றும் போகவில்லை. இனிக் கவலையில்லை என்று நம்பி மாட்டினேன்.

மறுபடியும் அதே இடத்தில் ஈரம்.

கேஸ்கெட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டு மூன்று முறை கழற்றினேன். மூடியின் அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் விரித்த எமரி தாளில் தேய்த்துச் சமமாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று. நான்காம் முறை மிதவை தற்செயலாகக் காதருகே வந்தபோது உள்ளே ஏதோ மெல்லத் தளும்பியது. வெந்நீரில் அமிழ்த்தினேன். ஈயம் பற்றவைத்த விளிம்பிலிருந்து நூல் போல நுண்குமிழிகள் ஏறின. ஊசி முனைகூட நுழையாத ஓட்டை அது. அதன் வழியாகப் பெட்ரோல் புகுந்து மிதவை கனத்துவிட்டது. அது தாழ்ந்து மிதந்ததால் ஊசி மூடாமல், கிண்ணம் நிரம்பி விளிம்பு வழியே கசிந்திருக்கிறது. கவிழ்த்துச் சோதித்தபோது கனத்த மிதவை ஊசியை இன்னும் இறுக்கமாக அழுத்தியிருக்கிறது. அந்தச் சோதனை என்னை ஏமாற்றியது அப்படித்தான்.

ஓட்டையை ஈயம் பற்றவைத்து அடைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டுவது உயிரோடு விளையாடுவது. நான் புது மிதவை வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டம் வைத்தேன். ஆயில் பார்க்கும் அளவுக்கம்பியில் பெட்ரோல் வாடை வந்ததால் எஞ்சின் ஆயிலையும் மாற்றினேன்.

அன்று முதல் ஒரு சொட்டுக் கசிவில்லை. வெள்ளைத் துணியால் கிண்ணத்தின் அடியைத் துடைத்துப் பார்ப்பேன், கறையே படியாது. குளிர்ந்த காலையிலும் எஞ்சின் சீராக ஓடுகிறது.

அப்படியிருந்தும் இந்தக் கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியில் 'முழுமையான செட்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மிதவை அதில் இல்லை, அதைச் சோதிக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. பெட்ரோல் சொட்டும் விஷயத்தில் இந்த அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: எதையும் வாங்குவதற்கு முன் கிண்ணத்தைத் திறந்து, மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள்.