வாசலில் நின்றவனை 'வரவில்லை' என்று எழுதிய செயலி: 14,700 ரூபாய் போயிற்று

குமுளி, வண்டன்மேடு, கம்பம் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகளுக்கு, வெளியூர்ப் பயணத்தில் எந்த மொபைல் செயலி உதவும், எது உதவாது என்று ஒரு பட்டியல் எழுதித் தருவதாகப் போன மாதம் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் போன வாரம் கொச்சியில் 14,700 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது பட்டியல் எழுதும் மனநிலையில் நான் இல்லை.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் முதலில் வக்கீல் நோட்டீஸ் வரும், பணம் அப்புறமும் வராது என்கிறார் மச்சான். வகையைச் சொல்கிறேன். ஹோட்டல் அறை, டாக்சி, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிற பயணச் செயலி. கேள்விப்படாத பெயர் அல்ல.

எர்ணாகுளத்தில் ஏற்றுமதிக்காரர் ஒருவரிடம் மாதிரிக் காய் காட்ட வேண்டியிருந்தது. அதே பயணத்தில் பையனுக்கு வாட்டர் மெட்ரோ படகைக் காட்டிவிடலாம், அம்மாவும் கடலைப் பார்த்து நாளாயிற்று என்று குடும்பத்தோடு கிளம்பினேன். இரண்டு அறை, இரண்டு இரவு. மொத்தம் 14,700 ரூபாய். முழுப் பணத்தையும் முன்பே கட்டினால் தள்ளுபடி என்று காட்டியது. கட்டினேன். அடுத்த நிமிடமே பச்சை நிறத்தில் 'உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. பதிவு எண், ஹோட்டல் முகவரி, அறையின் படம் எல்லாம் இருந்தன.

அது கூடப் பெரிதில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் அந்தச் செயலிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நல்ல தமிழ். "எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் சார்?" என்று கேட்டார். குட்டிக்கானம், முண்டக்கயம், கோட்டயம் வழியாக பஸ்ஸில் வருகிறோம், மலை இறங்கி வர இரவாகிவிடும் என்றேன். "எவ்வளவு நேரமானாலும் அறை உங்களுக்காக இருக்கும் சார், கவலையே வேண்டாம்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "கூட வயதானவர்கள் யாராவது வருகிறார்களா?" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். "அப்படியானால் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை போடச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்" என்று அம்மா வாழ்த்தினார். வாழ்த்தோடு சேர்ந்து போனது 14,700 ரூபாய்.

இரவு பத்து மணிக்கு மேல் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்த பையன் என் மொபைலை வாங்கிப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, இந்தக் கம்பெனியோடு எங்களுக்கு இப்போது தொடர்பே கிடையாது. ஓணத்துக்கு முன்பே முடித்துவிட்டோம். தங்கிப் போனவர்களின் பணத்தையே அவர்கள் எங்களுக்குத் தரவில்லை." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். அன்றைய பக்கத்தில் என் பெயர் இல்லை. அறையும் இல்லை. கல்யாண முகூர்த்தம், எல்லாம் நிரம்பிவிட்டது. அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தான். நடந்ததை ஹோட்டல் தாளில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையும் வைத்துத் தந்தான். அந்த ஊரில் அன்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அங்கிருந்தே செயலியின் எண்ணுக்கு அழைத்தேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழுக்கு எண்ணே இல்லை. முதல் நாள் வரை தமிழ் தெரிந்த கம்பெனிக்குப் புகார் என்றதும் தமிழ் மறந்துவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவர், "ஹோட்டலிடம் பேசிவிட்டு அழைக்கிறோம்" என்றார். அழைக்கவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜில், மாடிப்படி ஏறித்தான் அம்மா படுத்தார்.

மறுநாள் காலையில் வந்த குறுஞ்செய்தியைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. 'நீங்கள் ஹோட்டலுக்கு வரவில்லை. ஆகவே விதிமுறைப்படி பணம் திரும்பக் கிடைக்காது.' நோ ஷோ என்று அதற்குப் பெயராம். விருந்தினர் வந்துவிட்டதாக ஹோட்டல் பதிவு செய்யாவிட்டால், ஆள் வரவில்லை என்று அவர்களின் கணினி தானாகவே எழுதிக்கொள்ளுமாம். தொடர்பை அறுத்துக்கொண்ட ஹோட்டல் எப்படிப் பதிவு செய்யும்? இதில் இன்னொன்று இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்க அனுமதி கேட்டு வாங்கியிருந்த செயலி அது. கோட்டயத்தில் டீ குடிக்க இறங்கியபோது பக்கத்து உணவகத்துக்குத் தள்ளுபடி அனுப்பியது. அந்த ஹோட்டல் வாசலில் நான் அரைமணி நேரம் நின்றது மட்டும் அதன் கண்ணில் படவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்புத்தான். 48 மணி நேரம் என்றார்கள். ஏழு வேலை நாள் என்றார்கள். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் போன் துண்டிக்கப்படுகிறது. ஹோட்டல் தந்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். 'தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது. முத்திரையில் உள்ள எழுத்துவரை படிக்க முடிகிற படம் அது. பிறகு 500 ரூபாய்க் கூப்பன் தந்தார்கள், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். 14,700 ரூபாய் எங்கே, 500 ரூபாய் எங்கே. முந்தாநாள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று கேட்டு முடித்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு போன் போட்டிருக்கலாமே" என்கிறார் மச்சான். எதற்குப் போட வேண்டும்? அந்த வேலையைச் செய்கிறேன் என்று சொல்லித்தானே செயலிக்காரன் பணம் வாங்கினான்? மூட்டையின் மேலே எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய ஏலக்காயைப் பரப்பி அடியில் பொடிக்காயை வைப்பவனை நம் புற்றடி ஏலக்காய் ஏல மையத்தில் யாரும் மறுமுறை சேர்க்க மாட்டார்கள். அங்கே வாங்கியவனைப் பார்த்து, ஏன் கையை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

வங்கியிலும் கேட்டேன். யுபிஐயில் நானே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம் என்பதால், அனுமதி இல்லாமல் போன பணம் என்ற கணக்கில் இது வராதாம். வியாபாரியிடம்தான் பேச வேண்டுமாம். கிரெடிட் கார்டு என்றால், சேவை தரவில்லை என்று சொல்லி வங்கி வழியாகவே பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி உண்டு.

சொன்ன பட்டியலுக்கு வருகிறேன், சுருக்கமாக. இடுக்கி மாவட்டத்தில் தண்டவாளமே கிடையாது. நமக்கு ரயில் என்றால் போடி, தேனி, இல்லாவிட்டால் கோட்டயம். டிக்கெட்டுக்கு ரயில்வேயின் சொந்தச் செயலியே போதும். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன்னில் முன்பதிவு டிக்கெட்டும் சாதாரண டிக்கெட்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. மலைப்பாதையில் சிக்னல் போய்விடும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

அறைக்கு முழுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு என்றாலும். 'ஹோட்டலில் செலுத்தலாம்' என்பதையே தேர்ந்தெடுங்கள். ஏமாந்தால் அந்த இடத்திலேயே எழுத்தில் வாங்குங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி வாசலில் படம் எடுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். எனக்கு அப்படிக் கிடைத்த எண்ணில் ஒருவன் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னான். துண்டித்துவிட்டேன். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. அப்படி ஏதாவது பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

நான் 1915ல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்துவிட்டேன். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, கம்பெனியின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தந்திருக்கும் அலுவலரின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் கடிதம் திரும்பி வருகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த வாரம் மனு போடுகிறேன். இதே மாதிரி 'வரவில்லை' என்று எழுதப்பட்டுப் பணத்தை இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருந்தால், பதிவு எண்ணோடும் பணம் கட்டிய ரசீதோடும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் மனுவோடு சேர்த்துவிடலாம்.