சர்க்கரை நோயாளியின் காலுக்கு வேக்ஸ் (மெழுகுச் சூட்டு சிகிச்சை) வைக்கும் முன்: சென்னைவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுப் பெரியவர்களை, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களை, பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்பவர்கள் இந்தப் பதிவை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தென்சென்னையில் உள்ள ஒரு தனியார் மையத்தில் என் தாயாருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் தாயார் நெடுங்காலமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்து வருபவர். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தவுடன் குதிகாலில் குத்தும் வலிக்காக எலும்பு மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை நோய் என்பது அந்தச் சீட்டிலேயே இருந்தது. மையத்தின் வரவேற்பில் இருந்தவர் சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், மொத்த சிட்டிங்குகளுக்குமான பேக்கேஜ் தொகையை முன்பணமாகக் கட்டச் சொன்னார்.

உள்ளே வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளைஞர் அம்மாவின் பாதத்தில் உருகிய மெழுகை அடுக்கடுக்காகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன் மேல் துண்டையும் கட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மெழுகுத் தொட்டியின் வெப்பநிலையை அவர் பார்க்கவில்லை. சூடு தாங்குகிறதா என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "ஒண்ணும் தெரியலப்பா, இதமாத்தான் இருக்கு" என்றார் அவர். அந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில், பயிற்சி பெற்ற எவரும் மெழுகைப் பிரித்து எடுத்திருப்பார். மறுநாள் காலை குதிகாலின் ஓரத்திலும் கணுக்காலுக்குக் கீழும் நீர் கோத்த கொப்புளங்கள் இருந்தன. அவை உடைந்து புண்ணாகி, ஆறுவதற்குள் அம்மா பட்ட அவதியைச் சொல்லி மாளாது. சர்க்கரைக் காலில் புண் என்றால் என்ன பொருள் என்பது அந்த நோய் உள்ள வீடுகளுக்குத் தெரியும்.

இங்கே மீறப்பட்டது மிக அடிப்படையான ஒரு கடமை. நீண்ட நாள் சர்க்கரையால் பாத நரம்புகள் பழுதுபட்டவர்களுக்கு ஆழத்தில் வலி தெரிவதும், அதே காலின் தோலில் சூடு தெரியாமல் போவதும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே வேக்ஸ், ஹாட் பேக் (சூட்டு ஒத்தடப் பை), டயாதெர்மி (மின்கருவியால் உடலின் உள்ளே சூடு உண்டாக்குவது) என எந்தச் சூட்டு சிகிச்சைக்கும் முன்பு, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு சோதனைக் குழாயில் வெந்நீரும் மற்றொன்றில் குளிர்ந்த நீரும் எடுத்து மாற்றி மாற்றித் தோலில் வைத்து, எது சூடு, எது குளிர்ச்சி என்று சொல்ல வைக்க வேண்டும். சொல்லத் தெரியாத இடத்தில் சூடு வைக்கக் கூடாது. இரண்டு குழாய்களும் இரண்டு நிமிடங்களும் போதுமான இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதேபோல் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும், மூட்டில் உலோகம் வைத்தவர்களுக்கு அந்த இடத்திலும் டயாதெர்மி கொடுக்கக் கூடாது; அறுவை சிகிச்சைக்குப் பின் கெண்டைக்கால் வீங்கியிருந்தால், உள்ளே இரத்தக்கட்டி இல்லை என்று உறுதியாகும் முன் அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் சிகிச்சை தொடங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நியாயம் கேட்கப் போனபோதுதான் மற்றொன்றும் தெரிந்தது. பெயர்ப்பலகையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அங்கு வருவதே அரிது. அம்மாவுக்கு வேக்ஸ் வைத்தவர் ஏதோ சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு முடித்த உதவியாளர். தமிழ்நாட்டில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கான பி.பி.டி. என்பது ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பாக நடந்து வந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் பிசியோதெரபியைத் தனித் தொழிலாக அங்கீகரித்து, மாநிலப் பதிவேட்டுக்கும் தொழில் ஒழுக்கத்துக்கும் வழிவகை செய்திருக்கிறது. பெயரை வாடகைக்கு விட்டதுபோல் விட்டுவிட்டு, நோயாளியின் உடலை உதவியாளர் கையில் ஒப்படைப்பது அந்தப் பட்டத்துக்கே செய்யும் துரோகம் என்று கருதுகிறேன்.

சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டேன். அப்படி எதுவும் எழுதும் வழக்கமில்லை என்றார்கள். பேக்கேஜில் மீதியிருந்த பணத்தைத் திருப்பித் தருவதாகவும், அதற்குப் பதிலாகப் புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் கையெழுத்திடவில்லை, நீங்களும் இடாதீர்கள்.

பணம் பெற்றுக்கொண்டு அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2008இல் வந்த மற்றொரு தீர்ப்பு, சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறப்படுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றது. அது மருத்துவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதுதான் என்றாலும், பிசியோதெரபிக்கு வேறு அளவுகோல் இருக்க நியாயமில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிப்பு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசனை வேண்டுமெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எங்கள் புகாருக்கு வலுவாக இருப்பவை மருத்துவரின் சீட்டு, பணம் கட்டிய ரசீது, கொப்புளம் வந்த அன்றே தேதி தெரியும்படி எடுத்த புகைப்படங்கள், புண்ணுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை "சூட்டுக்காயம்" என்று எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவையே. ரசீது தராமல் ஜி-பேயில் மட்டும் பணம் வாங்கும் மையமாக இருந்தால், அந்தப் பரிவர்த்தனையையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் குதிகால் வலிக்கு இப்போது கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் பார்க்கிறோம். கூட்டம் அதிகம், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே அம்மாவை உட்காரவைத்தவுடன் முதலில் செய்தது, கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததுதான். சூடு எதுவும் வைக்காமல், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற காலணியும் மட்டுமே பரிந்துரைத்திருக்கிறார்கள்.